கை பட்டால் இறங்கும் அளவு

மாஸ்டருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதர் சண்டைக்கு வந்துவிடுவார். வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலும் கையுமாக நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்டைத் தொடமாட்டார். மூன்று மாடியையும் படியேறியே வருவார். வந்து கதவைத் திறந்ததும், "மூச்சு வாங்குதா பாரு" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல்?

கிளினிக் டாக்டருக்கு இருந்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அளவு ரொம்ப அதிகம், இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாஸ்டரும் நல்ல பிள்ளையாக மருந்துக் கடைக்குப் போய் மாத்திரையை வாங்கி வந்தார். வாங்கி வந்ததோடு சரி. அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது.

"ஒருநாள் ரெண்டுநாள் இல்லையாம். உயிரோட இருக்கிறவரைக்கும் போடணுமாம்," என்றார் மகனிடம். "அப்படிப் போட்டா என் கிட்னி என்ன கதி ஆகும்னு கேட்டேன். சிரிக்கிறான் அந்தப் பையன்."

"அப்பா, அவர் டாக்டர். பையன் இல்ல."

"என்கிட்ட படிச்சிருந்தா பையன்தான்."

"அவர் உங்ககிட்ட படிக்கல."

"அதான் மரியாதை தெரியல."

மகனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் ஒரு கூரியர் கிடங்கில் பொறுப்பாளன். நாள் முழுவதும் தொலைந்துபோன பார்சலுக்காக ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவன். வீட்டுக்கு வந்தும் வாய்ச்சண்டை போடத் தெம்பு எங்கே இருக்கும்? "உன் மாமாவை நீயே கேளு" என்று மனைவியைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிட்டான்.

இந்த வீட்டில் தீர்ப்பு சொல்கிற பொறுப்பு எப்படியோ மருமகள் தலையில் வந்து விழுந்திருந்தது. அதிலும் இந்த விஷயத்தில் அவளை விட்டால் வேறு யார்? அவள் பிழைப்பே ரத்தக்கொதிப்பு அளப்பதுதான். மனிதர்களுக்கல்ல, எலிகளுக்கு.

ஊர் ஓரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் பின்கட்டில் எலிகள் வளரும் கூடம். பிறவியிலேயே ரத்தக்கொதிப்போடு பிறக்கிற எலி வகை ஒன்று உண்டு. அவற்றில் பாதிக்குக் குடிக்கிற தண்ணீரில் மருந்தைக் கலந்து கொடுப்பார்கள். மீதிக்கு வெறும் தண்ணீர். குட்டிப் பருவம் தாண்டியதிலிருந்து கிழடாகும்வரை மருந்தை நிறுத்தாமல் கொடுத்தால் உடம்பில் என்னென்ன ஆகும், எது நல்லது, எது கெட்டது என்று பார்க்க வேண்டும். ஒரு வரிசையின் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீல மூடி, இன்னொரு வரிசைக்கு வெள்ளை மூடி. எந்த மூடியில் மருந்து என்பது ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அளக்கிறவர்களுக்குச் சொல்லமாட்டார். தெரிந்தால் கை தன்னால் ஓரவஞ்சனை செய்யும் என்பது அவர் கட்சி.

எலிக்கு அளவெடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கண்ணாடி போன்ற ஒரு குழாய்க்குள் அது தானாகவே போய் உட்கார வேண்டும். அடியில் கதகதப்பான மெத்தை. பின்பக்கம் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலின் அடியில் விரல் மோதிரம் அளவுக்கு ஒரு பட்டை. எலி திமிறினால் அளவு கெட்டுப்போகும். பயந்தால் அதைவிட மோசம், எகிறிவிடும். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவனுக்கு அவசரம் என்றே பட்டப்பெயர். அவன் குழாயைக் கையில் எடுத்தாலே எலிகள் மூலைக்கு ஓடும். மருமகள் எடுத்தால் வரிசையில் நிற்காத குறைதான். சும்மா சொல்லக்கூடாது, அவள் கைராசி அப்படி. உள்ளங்கையில் எடுத்து, அங்கியோடு அணைத்து, காதுக்குப் பின்னால் ஒரு விரலால் தடவி, ஏதாவது வீட்டுக் கதையை முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்குள் விடுவாள். எலி கண்ணைச் செருகிக்கொள்ளும்.

மாஸ்டர் அவளுக்கு எலி டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார். மாஸ்டரின் மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மகன் வர ராத்திரியாகும். மருமகள் சாயங்காலமே வந்துவிடுவாள். அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் மாஸ்டர் அடுப்பில் டீயை வைத்துவிடுவார். அவள் முகம் கழுவி வருவதற்குள் இரண்டு கோப்பை மேஜைக்கு வந்துவிடும்.

"எலி டீச்சர், உன் கிளாஸ்ல இன்னைக்கு யார் யார் லேட்டு?"

"யாரும் லேட் இல்ல மாமா. மேனேஜர்தான் ஒருத்தன் விரலைக் கடிச்சிட்டான்."

மேனேஜர் என்பது வெள்ளை மூடி வரிசையில் ஒரு தடித்த எலி. யார் கூண்டைத் திறந்தாலும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்பார்வை பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

"உன்னையா கடிச்சான்?"

"என்னை ஏன் கடிக்கிறான்? அவசரத்தை."

"நல்லா வேணும் அவனுக்கு," என்று மாஸ்டர் மனதாரச் சந்தோஷப்படுவார். அவசரத்தை அவர் பார்த்ததுகூட இல்லை.

கிளினிக் டாக்டர் பேச்சு வந்த அன்று மகன் சீக்கிரமே வந்திருந்தான். அன்றும் டீயோடுதான் விசாரணை நடந்தது. வீட்டிலேயே ஒரு அளவுக் கருவி வாங்கி வைத்திருந்தார்கள். மருமகள் அதை எடுத்து மாஸ்டர் கையில் பட்டையைச் சுற்றினாள். முதல் அளவு அதிகமாகத்தான் வந்தது.

"இது கணக்குல சேராது மாமா. இப்பதான் பிள்ளையோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்கீங்க. கொஞ்சம் உக்காருங்க."

அவர் மணிக்கட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் கதையைச் சொன்னாள். மாஸ்டர் சிரித்தார். மறுபடி அளந்தாள். இறங்கியிருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது.

"டாக்டரைப் பார்த்த பயம், வேற ஒண்ணும் இல்ல. எங்க எலிங்களும் இப்படித்தான். முதல்ல எகிறும், கொஞ்சம் தடவிக் குடுத்தா அடங்கிடும். வீட்டுல எடுக்கிறதுதான் சரியான அளவு," என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

இது போதாதா மாஸ்டருக்கு? அன்றைக்கு மகன் சாப்பிட உட்காரும்வரை விடவில்லை. "கேட்டுக்கோ. படிச்சவ சொல்றா."

அதற்குப் பிறகு தினமும் டீக்குப் பின்னால் ஒரு அளவு. முதல் தடவை ஏறியிருந்தால் அது படியேறி வந்ததால், அல்லது டீவியில் செய்தி கேட்டதால், அல்லது டீ சூடாக இருந்ததால். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அடுத்த தடவை இறங்கும். இறங்கிய அளவுதான் கணக்கு.

கணவனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நீ அளந்தா மட்டும்தான் சரியா இருக்கு. அது எப்படி?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"எனக்கு அளக்கத் தெரியும், அதான்," என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். தொழிலில் கை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு நாள் அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

கூடத்தில் மாதங்கள் ஓடின. எலிகளுக்கு வயசாகிக்கொண்டு வந்தது. நீல மூடிக்காரர்கள் தண்ணீர் அதிகம் குடித்தார்கள், கூண்டில் பரப்பிய மரத்தூளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. உடம்பு ஒல்லி, ஆனால் மேல்முடி பளபளவென்று இருந்தது. வெள்ளை மூடிக்காரர்கள் சிறு சத்தத்துக்கும் துள்ளி விழுந்தார்கள். குழாய்க்குள் விட்டால் முதல் அளவு எகிறும். பாவம், பயந்துவிட்டது என்று மருமகள் வெளியே எடுத்து, அணைத்து, தடவி, மறுபடி விடுவாள். அப்படியும் இறங்காவிட்டால் இன்னொரு தடவை. கடைசியில் நல்லபடியாக ஓர் அளவு வரும். அதை எழுதிக்கொள்வாள். நீல வரிசைக்கு இத்தனை பாடு தேவைப்படவில்லை. முதல் தடவையே சரியாக இருக்கும்.

டாக்டரம்மாவுக்கு மண்டை காய்ந்தது. "ரெண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வருதே. மருந்து வேலையே செய்யலையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு திரிந்தார். மருமகள் காய்ச்சலில் விழுந்து ஒரு வாரம் வராதபோது அவசரம்தான் அளந்தான். வெள்ளை வரிசை முழுக்க வானத்துக்கு எகிறியது. அவள் திரும்பி வந்தாள், அளவு பழையபடி இறங்கியது. எல்லோரும் அவசரத்தைக் கேலி செய்தார்கள். "உன்னைப் பார்த்தா எனக்கே ஏறுது, எலிக்கு ஏறாதா?" என்று மருமகளும் தன் பங்குக்குச் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு ஒரு காலையில் அவள் வெள்ளை வரிசைக் கூண்டுகளைத் திறந்துகொண்டே வந்தாள். மேனேஜர் மேற்பார்வைக்கு வரவில்லை. மூலையில் தூளுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. அவள் குரலைக் கேட்டதும் எழுந்து வரப் பார்த்தது. ஒரு பக்கத்துக் காலிரண்டும் வரவில்லை. மறுபக்கத்தால் உடம்பை இழுத்து இழுத்து, வட்டமடித்து, அவள் கைக்கு வந்து சேர்ந்து விரலில் மூக்கை வைத்தது.  டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், பக்கவாதம்.

வலியோடு வைத்திருக்கக்கூடாது என்பது அங்கே விதி. மயக்க மருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள். மருமகள் தானே அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கடைசிவரை அது கண்ணைச் செருகிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று மதியம் டாக்டரம்மா மேனேஜரின் இதயத்தைத் தட்டில் வைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்தில் இன்னொரு இதயம், சில நாள் முன்பு சோதித்துப் பார்ப்பதற்காக முடித்த ஒரு நீல மூடி எலியுடையது. மேனேஜருடையது அதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. சுவர் தடித்து, உள்ளே இடமே இல்லாமல் இறுகிக் கிடந்தது.

"இப்ப மறைக்கிறதுல அர்த்தமில்ல. நீலத்துலதான் மருந்து," என்றார் டாக்டரம்மா. "இது வெறும் தண்ணி குடிச்சது. நாள் பூரா பிரஷர் ஏறியே இருந்தாத்தான் இதயம் இப்படி ஆகும். ஆனா உன் அளவைப் பார்த்தா இதுக்கு ஒண்ணுமே இல்ல."

"நான் பொய்யா எழுதலம்மா."

"தெரியும்மா. உன் கையில இருந்தப்ப நிஜமாவே இறங்கிச்சு. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்." அவர் குரலில் கோபமில்லை. "அவசரம் எடுத்த அளவுதான் மிச்ச நேரத்து நிஜ அளவுக்குப் பக்கத்துல இருந்திருக்கு. நமக்குத்தான் புரியல. இனிமே முதல் அளவையும் எழுது. இறங்கினதை மட்டும் எழுதாத."

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எலியை நினைத்து அல்ல. வீட்டில் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் இதையே செய்துகொண்டிருக்கிறாளே, அதை நினைத்து.

"நீல எலிங்களோட கிட்னி எப்படிம்மா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"ரத்தக்குழாய் கொஞ்சம் தடிச்சிருக்கு. அதையும் எழுதத்தான் போறேன். ஆனா வேலை செய்யுது."

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறியதும் கணவனுக்குப் போன் செய்தாள். எத்தனை பார்சல் தொலைந்தாலும் தொலையட்டும், இப்போதே வீட்டுக்கு வா என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மாஸ்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னம்மா, எலிங்களுக்கு இன்னைக்கு அரை நாள் லீவா?" என்று டீயை வைக்க எழுந்தார். அவரோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் எழுந்து அடுப்படிக்குப் போனது. அது அவர் நடையிலேயே தெரிந்தது. இத்தனை நாளும் தான் எதை அளந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது.

"மாமா, டீ அப்புறம். முதல்ல உக்காருங்க."

பட்டையைச் சுற்றினாள். வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவையில் அளவு அழகாக வந்தது. மாஸ்டர், "பார்த்தியா" என்று நிமிர்ந்தார். அதற்குள் மகன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான்.

"மாமா, இப்ப நான் வெளியே போறேன். இவர் உங்க பக்கத்துல இருப்பார். கொஞ்ச நேரம் கழிச்சு இவர் அளப்பார். சண்டை போடக்கூடாது."

"எதுக்கு இதெல்லாம்? நீ எங்க போற?"

 கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வாசலுக்கு வந்தாள். நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே நின்றாள். எதிரே ஒருவர் கடையின் பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு எழுத்தும் மனசில் நிற்கவில்லை. ஏறக்கூடாது, என் அளவே சரியாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உடனே, அப்படி வேண்டித்தானே இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கணவன் இறங்கி வந்தான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே ஓடி வந்திருக்கிறான். 

"மூணு தடவை எடுத்தேன். சண்டையெல்லாம் இல்ல, சத்தியமா. டீவியைக்கூடப் போடல," என்றான். "அந்த டாக்டர் சொன்னதைவிட அதிகமா இருக்கு."

"எல்லாம் என்னாலதான்."

"வா, மேல போலாம்," என்றான். அவன், நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காகவே அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் பட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? "இவன் தொட்டான், ஏறிச்சு. நீ தொட்டா இறங்குது. நீ வேலையை விட்டுட்டு வீட்டுலயே இரு, எனக்கு மாத்திரையே வேண்டாம்," என்று சிரித்தார்.

மருமகள் சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, மேனேஜர் போயிட்டான்."

"எங்க போனான்?"

"செத்துட்டான். ஒரு பக்கம் விழுந்து போச்சு. அப்பவும் என் கைக்கு இழுத்துக்கிட்டே வந்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு நான்தான் தினமும் அளந்தேன். ஒருநாளும் அதிகம்னு எழுதினதில்ல. அறுத்துப் பார்த்தா இதயம் வீங்கிக் கிடக்கு. என் கையில இருந்த நேரம் மட்டும்தான் இறங்கியிருக்கு. நான் போனதும் ஏறியிருக்கு. உங்களுக்கும் அதேதான் மாமா. நான் உங்க பிரஷரை ஒருநாளும் குறைக்கல. நான் வந்தா நீங்க சந்தோஷப்பட்டீங்க, அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு மாத்திரை வேண்டாம்னு நான் சொல்லிட்டேன்."

 மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாஸ்டர், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் அழுததில்லை.

"கிட்னி?" என்று கடைசியில் கேட்டார்.

"மருந்து குடிச்ச எலிங்களுக்குக் கொஞ்சம் மாற்றம் இருந்துச்சு. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அடிக்கடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கலாம். ஆனா அதுங்க கிழடாகிறவரைக்கும் ஓடியாடித்தான் இருந்துச்சுங்க. மேனேஜர் வயசுதான் அதுங்களுக்கும்."

மாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். பட்டை இன்னும் முழங்கைக்கு மேலே இருந்தது, அதன் குழாய் தொங்கி ஆடியது.

"அழாதம்மா. நீ வர்ற நேரம் நான் நல்லாத்தான் இருக்கேன். அது பொய்யில்லையே?"

"பொய்யில்ல மாமா."

"மிச்ச நேரம்தான் தகராறு." கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், அந்த மாத்திரையை எடு," என்றார்.

மகன் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்தான், தண்ணீரும் கொண்டு வந்தான். மாஸ்டர் அட்டையை வாங்கி மருமகளிடம் நீட்டினார்.

"காலையில நீ வேலைக்குக் கிளம்பும்போது ஒண்ணு குடுத்துட்டுப் போ. நீ இல்லாத நேரத்துக்கு அது இருக்கட்டும். இன்னைக்கு மட்டும் இப்பவே குடு."

அவள் ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாயில் போட்டு விழுங்கினார்.